ரேடியோ நாடகத்தில் கதவு தட்டிய ஞாயிறு

ரேடியோ சூடாகும்போது ஒரு வாசனை வரும். தூசி லேசாகக் கருகுகிற மாதிரி... கூடவே அதன் முன்பக்கத்தில் பச்சையாக ஒரு கண் மெல்லத் திறக்கும். வால்வு ரேடியோ வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பச்சைக் கண் முழுசாகத் திறந்த பிறகுதான் குரல் வரும்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தகர டப்பா கம்பெனியில் எனக்கு வேலை. பேக்கிங் செக்‌ஷன். நாங்கள் எட்டுப் பெண்கள். எல்லோரும் மீஞ்சூரிலிருந்து ஒரே ரயிலில் போய் வருவோம்.

ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் தொடர் நாடகம். திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் எங்கள் கச்சேரி ஆரம்பமாகிவிடும். இப்போது சீரியலுக்குக் கீழே கமெண்ட் போடுகிறீர்களே... அதையெல்லாம் நாங்கள் தயிர்சாதத்தோடு அன்றைக்கே செய்துவிட்டோம். மாமியாருக்கு வசவு, மருமகளுக்கு அட்வைஸ், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று அடிதடி.

எங்களில் ருக்கு அக்காவுக்கு மட்டும் தனி மவுசு. நாடகத்தில் கதாநாயகனாகப் பேசியது அவள் புருஷன். சேகர் அண்ணன். பழவேற்காட்டுக்காரர், ஒரு மில்லில் கிளார்க். நல்ல குரல் என்று ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கதையில் அவர் பாதியிலேயே பெண்டாட்டியை விட்டு ஓடிப்போய்விட்டார். எங்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னாக்கா, உன் ஊட்டுக்காரரு இப்படிப் பண்ணிட்டாரு?" என்று அக்காவைப் பிடித்துக்கொள்வோம்.

"என் ஊட்ல ஒழுங்காத்தான்டி இருக்காரு" என்று சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை மீஞ்சூர் பிளாட்பாரத்தில் அவரையே பார்த்துவிட்டேன். அம்மாவைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குக் கிளம்பியிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே...

"கட்டினவள உட்டுட்டு ஓடினீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "திட்டாதம்மா. கடைசி வாரம் வந்து கதவத் தட்டுவேன். எல்லாம் பேசி ரெக்கார்டு பண்ணிக் குடுத்துட்டு வந்தாச்சு. யாராண்டயும் சொல்லாத."

இப்பேர்ப்பட்ட சங்கதியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை வரை எப்படி இருப்பது என்று எனக்குத் தலை வெடித்தது.

திங்கட்கிழமை ருக்கு அக்கா வேலைக்கு வரவில்லை. சேதிதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு ஏரியில் காற்றடித்து அவர் போன படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்கள் கரையேறிவிட்டார்கள். சேகர் அண்ணன் மட்டும் இல்லை. அவரும் நன்றாக நீச்சல் தெரிந்தவர்தான். நாலு நாள் வலை போட்டுத் தேடினார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது அக்கா அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குரலையாவது இன்னொரு முறை கேட்கலாமே என்ற நினைப்பில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"கடைசி வாரம் வந்து கதவத் தட்டுவேன்னு எங்கிட்ட சொன்னாருக்கா..."

அழுகை சட்டென்று நின்றது. என் கையைப் பிடித்தாள். "வரேன்னு சொன்னாரா?"

நாடகத்தில் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு அவள் அழவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டும் என்று பழவேற்காட்டிலிருந்து மாமியார் வந்து உட்கார்ந்தார். அக்கா தாலியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

"வரேன்னு இவளாண்ட சொல்லிட்டுப் போயிருக்காரு அத்தை. வரட்டும்."

மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இன்றைக்கும் நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

நாடகத்தின் கடைசி ஞாயிறு. அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று நாங்கள் ஏழு பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். சின்ன வீடு. வாசலிலிருந்து உள்ளே போகிற குறுகலான நடையில், ஒரே பக்கச் சுவரோரமாக வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்தோம். வெயிலுக்காக வாசல் கதவு சாத்தியிருந்தது. மாமியார் அடுப்படி வாசலில். மூன்று மணிக்குத் தெருவில் ஒரு சத்தம் இல்லை.

பச்சைக் கண் திறந்தது. நாடகம் ஓடியது. என்ன பேசினார்கள் என்று ஒன்றும் மனதில் ஏறவில்லை.

டக்... டக்... டக்.

"யாரு?" என்று கதையில் அந்தப் பெண் கேட்டாள்.

"நான்தான். கதவைத் திற."

அவர் குரல். பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் நின்று பேசிய அதே குரல்.

ருக்கு அக்கா எழுந்தாள். நடையில் எங்கள் கால்களைத் தாண்டித் தாண்டிப் போய் வாசல் கதவைத் திறந்தாள். வெளியே வெயில் மட்டும்தான். ஆள் இல்லை. ஆனால் அவள் ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க" என்று சொல்லி ஒதுங்கி நின்றாள்.

இதற்கப்புறம் நடந்ததை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

வாசலோரம் உட்கார்ந்திருந்தவள் முதலில் காலை மடக்கினாள். அப்புறம் அடுத்தவள். அதற்கடுத்தவள். அப்புறம் நான்... ஒருவர் பின் ஒருவராக. ஒருவர் உள்ளே நடந்து போக வழிவிடுகிற மாதிரி. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து ரேடியோவை நிறுத்தினாள்.

"வந்துட்டாரு அத்தை. இனிமே காரியத்தப் பண்ணுங்க" என்றாள். அப்புறம்தான் மாமியார் மடியில் விழுந்து அழுதாள்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தது. நாடகத்தைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்தக் கதை எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போதெல்லாம் சீரியலில் நடிகர் மாறினால், இவருக்குப் பதில் இவர் என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த சீனுக்குப் போய்விடுகிறார்கள். நானும் மருமகளும் சேர்ந்து பார்க்கிறோம். போனில் கமெண்ட் எழுதுகிறேன், லைக்கும் வாங்குகிறேன். எவ்வளவு கோபம் வந்தாலும் "நல்லா இருப்பியா" என்று மட்டும் எழுதுவதில்லை.

சீரியலில் யாராவது கதவைத் தட்டினால் மருமகள் டிவியைப் பார்ப்பாள். என் கால் தானாக மடங்கிக்கொள்ளும்.