தம்பியின் கடைசிப் பாட்டில் கேட்கும் கரகர சத்தம்

பொம்மசந்திராவில் மூன்று லேத் ஓடுகிற பட்டறை. ஜீவனஹள்ளியில் மாடி வைத்த வீடு. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம். தம்பிக்குக் காலேஜ் படிப்பு. இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவன் செய்தது. அந்த ஒருவன் நான்தான். எந்தப் பெரிய மனுஷனும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை. முதல் மிஷின் பழைய மிஷின், அதன் பல்சக்கரத்தைக்கூட நானே வெட்டிப் போட்டேன். தம்பியின் நினைவு மலரில் இந்தக் கதை எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

தம்பி மகள் ஸ்டெல்லா, "பெரியப்பா, அப்பாவை அவர் என்றுதான் எழுதணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது ஜீவனஹள்ளியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில். வடாற்காட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த எங்கள் அப்பா, தம்பி நடக்கப் பழகுவதற்குள் போய்விட்டார். அம்மா பூக்கட்டி விற்றார். நான் லேத் வேலைக்குப் போனேன். தம்பி படித்தார், நன்றாகவே படித்தார். ஒரு கம்பெனி ஆபீஸில் கணக்கு வேலைக்குச் சேர்ந்து, ரிடையர் ஆகும்வரை யாரிடமும் ஒரு கெட்ட பேர் வாங்கவில்லை. கோபம் என்பதே வராது. அம்மா படுக்கையில் இருந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் கிட்டார் விஷயத்தில் மட்டும் பைத்தியம். மடியில் படுக்கப் போட்டு, இடது கையில் ஒரு வழவழப்பான இரும்புத் துண்டைப் பிடித்து, கம்பிகள்மேல் நகர்த்தி வாசிக்கிற கிட்டார். அப்படி மூன்று வைத்திருந்தார். காலால் மிதித்தால் சத்தம் மாறுகிற பெட்டிகள் வேறு, கட்டிலுக்கடியில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் துடைத்துத் துணியில் சுற்றி வைப்பார்.

"ஒரு ஆளுக்கு எதுக்குடா மூணு கிட்டாரு?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட எத்தனை லேத் இருக்குதுண்ணா?"

"மூணு."

"அவ்வளவுதான்."

கச்சேரிக்குப் போனால் முன் வரிசையில்தான் உட்காருவார். வாசிப்பவரின் முகம் மறைந்தாலும் பரவாயில்லை, இடது கை தெரிய வேண்டும். எப்போதோ ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ வாசித்ததை கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அதை எத்தனை தடவை எனக்குப் போட்டுக் காட்டியிருப்பார்! "இங்க கேளுங்கண்ணா... இப்ப வருது, இப்ப வருது... வந்துச்சு பாத்தீங்களா!" என்பார். எனக்கு ஒன்றும் வந்த மாதிரியே இருக்காது. "ஆமாம், வந்துச்சு" என்று தலையாட்டுவேன். "என்ன வந்துச்சு, சொல்லுங்க?" என்று மடக்குவார். டீ ஆறிப்போகுதுடா என்று எழுந்துவிடுவேன்.

ஒரு கிறிஸ்மஸுக்கு எங்கள் கோயில் ஹாலில் வாசிக்கும்போது, வியர்வையில் அந்த இரும்புத் துண்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மைக் வழியாக ஹால் முழுக்க டங்கென்று கேட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே பட்டறையில் உட்கார்ந்து ஒரு துண்டு கடைந்தேன். வழுக்குகிற சாமானுக்கு என் தொழிலில் ஒரே வைத்தியம்தான்: நர்லிங். டூல் கைப்பிடியில் விரல் பிடிப்பதற்காகக் குறுக்குமறுக்காகச் சொரசொரப்பு வெட்டியிருக்குமே, அதுதான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு இடம் விடாமல் நர்லிங் போட்டேன். அவ்வளவு சுத்தமான வேலையை நீங்கள் வெளியில் பார்க்க முடியாது.

தம்பி அதை வாங்கிக் கம்பிமேல் வைத்து இழுத்தார். கர்ர்ர் என்றது.

"அண்ணா, இது கிட்டாருக்கா, தேங்கா துருவவா?" என்றார். வீடே சிரித்தது. கூட வாசிக்கிற நண்பர் பீட்டர் அன்றைக்கு வரவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன்.

"வழுக்குதா இல்லையா, அதைச் சொல்லு."

"வழுக்கல."

"அப்புறம் என்ன?"

சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காயலான் கடைக்குப் போயிருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

ரிடையரான பிறகு பக்கவாதம் வந்து இடது கை சோர்ந்துபோனது. பயிற்சி கொடுத்துக் கொடுத்து விரல்கள் கொஞ்சம் மடங்கின. மறுபடி கிட்டாரை மடியில் வைத்தார். ஒரு பாட்டை முழுதாக வாசித்து முடித்தார், ஸ்டெல்லா அதை போனில் பதிவு செய்தாள். அதற்கப்புறம் அதிக நாள் இல்லை. ஒரு காலையில் காபி கேட்டவர், காபி வருவதற்குள் போய்விட்டார்.

இந்த முதலாமாண்டு மலரின் பின்னட்டையில் கறுப்புப் புள்ளிகளாக ஒரு கட்டம் இருக்கிறது. அதை போன் கேமராவில் காட்டினால் அந்தப் பாட்டு கேட்கும். மலர் அச்சுக்குப் போவதற்குமுன் எல்லோரும் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்டோம். நடுவில் ஒரு இடத்தில் பாட்டு சற்று நின்று, பிறகு ஒரு கரகர சத்தத்தோடு மேலே ஏறுகிறது. பீட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன சவுண்டு பாருங்க! எந்தப் பெட்டியில கொண்டுவந்தான்னே தெரியல" என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. என் வேலையின் சத்தம் எனக்குத் தெரியாதா?

"பெட்டியும் இல்ல, ஒன்னும் இல்ல. அது என் நர்லிங்."

"அண்ணா, அது எஃபெக்ட். சும்மா பேஜார் பண்ணிக்காதீங்க."

தம்பி சம்சாரம் எழுந்துபோய், கிட்டார் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த அந்தத் துண்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "கை வராமப் போனப்புறம் மத்ததெல்லாம் நழுவி விழுந்துச்சு மாமா. இது ஒன்னுதான் அவர் கையில நின்னுச்சு" என்றார்.

அதோடு விட்டிருந்தால் எனக்கு நிம்மதி. ஸ்டெல்லா குறுக்கே வந்தாள். "இல்லம்மா, நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அப்பா இதை எடுப்பாரு. யாரும் இல்லாதப்போ வாசிப்பாரு. தகரத்துல மழை பெய்யுற மாதிரி இருக்குன்னு சொல்வாரு."

அன்றிலிருந்து என் தலை சுற்றுகிறது. கை வராததால் எடுத்தானா, பிடித்ததால் எடுத்தானா? பிடித்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பிடிக்காவிட்டால் எதற்கு வருஷக்கணக்காகத் துணியில் சுற்றி வைத்தான்? தகரத்தில் மழை என்றால் எந்தத் தகரம்? நாங்கள் பிறந்த வீட்டுக் கூரையா? அவனைத்தான் கேட்க வேண்டும், அவன் இல்லை. பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கிறேன். "இப்ப வருது" என்று சொல்வானே, அது இந்த இடம்தானா என்று பீட்டரைக் கேட்டேன். "அது வேற பாட்டுண்ணா, வேற இடம்" என்கிறார். எனக்கோ அது இதுதான் என்று தோன்றுகிறது. அடுத்த தடவை கேட்கும்போது அதுவும் சந்தேகமாகிவிடுகிறது.

தம்பியை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப்போன பக்கத்து வீட்டு ரஹீம் பாய்க்கும், அடக்கத்தன்று அழுதுகொண்டே பாடிய கோயில் பாடகர் குழுவுக்கும், ஜெபித்த சாமியாருக்கும், சாப்பாடு செய்து அனுப்பிய எங்கள் தெரு ஜனங்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. கிட்டாரைத் தம்பி கையில் மறுபடி கொடுத்துத் தைரியம் சொன்ன பீட்டருக்குத் தனியாக நன்றி. சண்டை வேறு, நன்றி வேறு.

இனி என் விஷயம். அச்சுக்குப் போகவிருக்கும் பின்னட்டையில் அந்தக் கட்டத்துக்குக் கீழே மூன்று பேர் போட்டிருக்கிறது: கிட்டார் தம்பி, பதிவு ஸ்டெல்லா, ஒலிச் சீரமைப்பு பீட்டர். "துண்டு செஞ்சவங்க பேரெல்லாம் யாரும் போடறதில்லண்ணா" என்கிறார் பீட்டர். யாரும் போடாவிட்டால் போகட்டும், இதில் போட வேண்டும். "நர்லிங் செய்தவர்: அண்ணன், லேத் பட்டறை, பொம்மசந்திரா." நாலாவது வரியாக, மற்ற மூன்றுக்கும் சமமான எழுத்தில். முடியாது என்றால், அந்தத் துண்டை எடுத்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்க வையுங்கள் பார்ப்போம்.