பக்கத்து வீட்டு வாசல் கோலம்

போன வாரம் டிவியில் ஒரு பழைய படம் காட்டினார்கள். அமெரிக்காவில் கார் செய்யும் ஊர் ஒன்றில் எப்போதோ நடந்த கலவரம். கறுப்பர்களின் தெரு எரிகிறது, போலீஸ்காரன் ஒருவன் ஒரு பையனைச் சுவரோடு வைத்து அழுத்துகிறான். பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தோலு கறுப்பா இருந்தா மனுசன் இல்லியா? இவனுங்க உருப்படுவானுங்களா?" என்று உச்சுக்கொட்டினார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. நான் டீயை அவர் முன்னால் வைத்த வேகத்தில் பாதி கீழே சிந்தியது. இந்த மனிதர் கண் கலங்குவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

கலவரம் என்றால் என்ன என்று பெரியப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலோன் மலையில் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது லயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். அட்டை கடிக்கக் கடிக்க, விடியும்வரை தேயிலைச் செடிக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் கிடந்தாராம். அதன் பிறகு கப்பல், முகாம், மறுபடி கடல் தாண்டி இந்தத் தீவுகளுக்கு வந்து கச்சாலில் ரப்பர் தோட்டம், கடைசியில் பாம்பூஃப்ளாட்டில் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, மேலே இருக்கும் மேட்டில் ஒரு தகரக் கூரை வீடு. அப்பாவுக்கு வடக்கே இன்னொரு தீவான லாங் ஐலண்டில் மரம் வெட்டும் கேம்பில் வேலை, எப்போதாவதுதான் வருவார். வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அந்த அட்டைக் கதையை அவர் சொல்லாத தீபாவளி கிடையாது. கேட்டு நாங்கள் எல்லாரும் அழுவோம்.

எங்கள் மேட்டில் இல்லாத பாஷை இல்லை. பெங்காலி, தெலுங்கு, மலையாளம், எல்லாருக்கும் பொதுவாகத் தீவு ஹிந்தி. நாமெல்லாம் ஒன்று என்று சுதந்திர தினத்தன்று மைக் வைத்துச் சொல்வார்கள். ஆனால் மெயின்லேண்டிலிருந்து வந்த தமிழர்கள் எங்களைச் சிலோன்காரங்க என்று சொல்லும்போது உதடு கொஞ்சம் கோணும். நாங்கள் யாரைப் பார்த்து உதட்டைக் கோணுவது? அதற்கென்று ராஞ்சிக்காரர்கள் இருந்தார்கள். காடு வெட்டவும் ரோடு போடவும் சோட்டா நாக்பூர் பக்கமிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் வெட்டிக் கொடுத்த காட்டில் எல்லாருக்கும் இடம் கிடைத்தது, அவர்களைத் தவிர. எங்கள் நிறம்தான் அவர்களும், சொல்லப்போனால் எங்களைவிட ஒரு பிடி கறுப்பு. அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் என்ன கர்வம்! பக்கத்து வீடு ராஞ்சி வீடுதான். அந்த வீட்டுச் சுக்மனி என் வகுப்பில் படித்தாள். நாங்கள் சேர்ந்துதான் பள்ளிக்கூடம் போவோம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் ஜெட்டியில் தகராறு. சிமெண்ட் மூட்டை இறக்கிய ராஞ்சி ஆளுக்கும் ஒரு கடைக்காரருக்கும் வாய்ச்சண்டை, அப்புறம் தள்ளுமுள்ளு, கடைக்காரருக்கு மண்டையில் அடி. மதியத்துக்குள் அவர் செத்தே போய்விட்டார் என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. மறுநாள் அவர் தலையில் கட்டோடு அதே கடையில் உட்கார்ந்து சமோசா தின்றதை நானே பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அவர் செத்தாக வேண்டியிருந்தது. சாயங்காலம் மேட்டுக்கு வந்து ராஞ்சி வீடுகளை ஒரு கை பார்ப்பது என்று முடிவாகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல்தான். மேட்டில் எது யார் வீடு என்று வருகிறவர்களுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே தகரம். ஆகவே அவரவர் வாசலில் அவரவர் அடையாளம் இருக்கட்டும் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். தெலுங்கு வீடுகளில் அவர்கள் கோலமான முக்கு போட்டார்கள். பெங்காலி வீடுகளில் அரிசிமாவைக் கரைத்துக் கொடியும் பூவும் வரைந்தார்கள். மலையாளி வீட்டில் பட்டப்பகலில் குத்துவிளக்கு எரிந்தது. தீபாவளிக்குக்கூட எங்கள் மேடு அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

"நல்லாப் பெருசாப் போடும்மா. ரோட்டுலேர்ந்து பாத்தாலே தெரியணும்" என்று பெரியப்பா என்னிடம் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். ஜெட்டியில ஜகடா, சண்டை நடக்குது, வெளியில போகாதே என்று அம்மா சொன்னது தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. நேரங்கெட்ட நேரத்தில் கோலம் போடச் சொல்கிறார்களே என்று ஒரே குஷி. வாசலை அடைத்து ஒரு சிக்குக் கோலம் இழுத்தேன். சுக்மனி வேலியோரம் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாசலிலும் போடேன் என்று ஹிந்தியில் கேட்டாள். கோலம் எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாது.

நான் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் அம்மா துணிமூட்டையும் கையுமாக வெளியே வந்தாள். சர்ச்சுக்குப் போய்ப் பத்திரமாக இருந்துகொள்ளலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சின்னவனுக்குக் காய்ச்சல் வேறு, தோளில் துவண்டு கிடந்தான். அந்த அம்மா என் கோலத்தைப் பார்த்தாள், எங்கள் வாசலைப் பார்த்தாள், மூட்டையைக் கீழே வைத்தாள். மாவு படிந்த என் கன்னத்தைத் தடவி, "ஜீத்தி ரஹோ, பேட்டி" என்றாள். நல்லா இரு மகளே என்று அர்த்தம். பிறகு எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பெரியப்பா திரும்பி வந்தபோது பக்கத்து வாசலைப் பார்த்து அப்படியே நின்றார். குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனிதர், அன்றைக்கு வாளித் தண்ணீரும் துடைப்பமுமாக வேலியைத் தாண்டிப் போனார். அம்மா வாசற்படியில் நின்று, "பாவம் மாமா, சொகமில்லாத புள்ள இருக்கு அந்த வீட்டுல" என்றாள்.

"எல்லா வாசல்லயும் கோலம் இருந்தா எது நம்ம வீடுன்னு அவனுங்களுக்கு எப்பிடித் தெரியும்? அப்புறம் நம்ம கோலத்த எவன் நம்புவான்?" என்றார் பெரியப்பா.

குரலை உயர்த்தவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது அல்லவா? சத்தம் வராமல் தண்ணீரை ஊற்றி, சத்தம் வராமல் கூட்டி, மேலே ஒரு கை மண்ணையும் தூவிவிட்டு வந்தார். "ஏன் பெரியப்பா, தப்பாப் போட்டுட்டேனா?" என்று கேட்டேன்.

"ஆமா. புள்ளி தப்பு. உள்ள போ" என்றார்.

இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். எங்கள் கோலத்தை மிதித்துவிடாமல் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. வந்த கும்பலில் எல்லாப் பாஷையும் இருந்தது, தமிழும் கேட்டது. மைக் வைத்துச் சொன்ன ஒற்றுமையை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தகரத்தைப் பிய்க்கும் சத்தம் வந்தபோது பெரியம்மா என் காதைப் பொத்தினாள். சுக்மனி வீட்டார் பின்பக்கமாகப் பாக்கு மரங்களுக்குள் ஓடினார்கள் என்றும், சுக்மனியின் அப்பாவுக்குக் கை உடைந்துவிட்டது என்றும் பிறகு சொன்னார்கள். பெரியப்பா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் செய்தாராம், அம்மா இன்றுவரை அதைத்தான் சொல்கிறாள். பயந்தவனை எல்லாம் மன்னிக்க வேண்டுமென்றால், அன்று லயத்துக்குத் தீ வைத்தவனும் எதற்கோ பயந்தவன்தான்.

மறுநாள் போலீஸ் வந்து நின்றது, மேடு அடங்கியது. வீடு போனவர்கள் எல்லாரும் சர்ச்சில் இருப்பதாகத் தெரிந்ததும் பெரியம்மா சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் செய்து தூக்குவாளியில் வைத்தாள். "நிறையப் போடு, புள்ளைங்க பசியோட கெடக்கும்" என்று சொன்னவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரியப்பாதான். அம்மாவும் நானும் கொண்டுபோனோம். அம்மாவுக்கு உள்ளே வரக் கால் வரவில்லை, என்னை மட்டும் அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

சுக்மனியின் அம்மா என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரவைத்தாள். மூடியைத் திறந்து, முதலில் சின்னவனுக்குத் தட்டில் சோறு எடுத்து வைத்தாள். அப்போது சுக்மனி என்னிடம், "கோலத்தை மழை அழிச்சிருச்சா? அம்மா அப்படித்தான் சொல்றா" என்று கேட்டாள்.

"மழையே பெய்யலையே. எங்க பெரியப்பாதான் தண்ணி ஊத்திக் கூட்டினார். நான்தான் புள்ளி தப்பா வச்சுட்டேனே" என்றேன். ஹிந்தியில்தான் சொன்னேன், சுற்றி இருந்த எல்லாருக்கும் புரிகிற மாதிரி.

அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். தட்டில் போட்ட சோற்றைத் திரும்பத் தூக்குவாளிக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடி, என் கையில் கொடுத்தாள். சின்னவன் தூக்குவாளியைப் பார்த்து வீறிட்டு அழுதான்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்று பெரியப்பா கேட்டார். "அவங்களுக்குப் பசிக்கலையாம்" என்றேன். எனக்கு அப்படித்தான் பட்டது. அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நன்றிகெட்ட ஜனம்" என்றார். அந்தச் சோற்றை ராத்திரி எங்களுக்கே போட்டார்கள். அம்மா மட்டும் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள். அடுத்த தடவை சுக்மனி வீட்டுக்குப் புள்ளி தவறாமல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.