சைபரை ஏற்காத கட்டம்

குன்றத்தூர் ஜெபகுமார் இவ்வுலகத்துக்குச் செய்த சேவை ஒரே ஒரு வரி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில், எல்லாத் திரைகளுக்கும் பொதுவான லைப்ரரி என்னும் புரோகிராம் தொகுப்பில் அதை எழுதினார்: கட்டத்தில் இடும் எண் சைபரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டோரில் போல்ட்டின் நீளத்தைச் சைபர் என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போன மகானுபாவர்களுக்காக எழுதியது. எழுத்து, மைனஸ், சைபர் எதைப் போட்டாலும் விரட்டியது. மேனேஜர் அருள்நாதன் முதுகில் தட்டிக்கொடுத்து, இவ்வளவு நல்ல விதியை எல்லாத் திரையிலும் மாட்டச் சொன்னார்.

லைன் முடிவிலும் ஒரு திரை உண்டு. எத்தனை பீஸ் ரிஜெக்ட், யார் கையில் கெட்டது என்று அதில் போட்டால்தான் ஷிப்ட் முடியும். ஷிப்ட் முடிந்தால்தான் பஸ் கிளம்பும். ஒன்றுமே கெடாத நாளில் லைனில் வேலை செய்யும் பெண்கள் சைபர் போட்டார்கள். திரை சிவந்து முறைத்தது. வெளியே டிரைவர் ஹாரனை அழுத்தினார். அவர்கள் கூடிப் பேசி, நல்ல பீஸ் ஒன்றை ரிஜெக்ட்டுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டு, ஒன்று என்று அடித்தார்கள். அந்த ஒன்றுக்கு ஒரு தாய் வேண்டுமே. கம்ப்யூட்டர் அறைக்காரரின் மனைவி மெர்சி அதே லைனில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? மறுநாளும் அவளே தாயானாள். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று.

மெர்சியின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும் மாதம் வந்தபோது, அதிகம் கெடுத்தவர் என்று அவள் பேர் முதலில் நின்றது. அன்றுதான் வீட்டில் வாயைத் திறந்தாள்.

"உன் வூட்டுக்காரரு அங்கதானே கீறாரு, அழிச்சுடுவாருன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மெஷினே அப்படித்தான்னு நெனச்சேன். அத்த ஒரு ஆளு ஒக்காந்து எழுதியிருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

மறுநாள் காலையில் ஜெபகுமார் யாரையும் கேட்காமல், விதியில் ஒரு சமக்குறியைச் சேர்த்தார். இனி சைபரும் செல்லும். கம்ப்யூட்டரை அறிந்த அளவுக்கு மேனேஜர்களை அறியாதவர் என்பதால், அதோடு தீர்ந்தது என்று நம்பினார். அந்த வாரம் சைபராக வந்து குவிந்தது. இத்தனை நாள் தினம் ஒன்று, இப்போது ஒன்றுகூட இல்லையா? பெண்கள் கூடி மறைக்கிறார்கள் என்று கண்டுபிடித்த அருள்நாதன், பழைய விதியையே திரும்பப் போடச் சொன்னார்.

ஜெபகுமார் எதிரில் நின்று, மெர்சி எதையும் கெடுக்கவில்லை, கெட்டது விதி, எழுதியவன் நான் என்றார். அருள்நாதன் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

"விதி தப்புன்னா, இதுவரைக்கும் மேல அனுப்புன ரிப்போர்ட் அத்தனையும் தப்புன்னு ஆகும் ஜெபா. ஒரு ஆள் தப்புன்னா அந்த ஆளோட போச்சு."

ஜெபகுமார் தன் இடத்துக்கு வந்து சமக்குறியை அழித்தார். சோதித்துப் பார்த்தார். எல்லாம் சரி என்று பச்சையாக வந்தது.

சாயங்காலம் மெர்சி, கான்ட்ராக்ட் போனதால் திருப்பிக் கொடுக்க வேண்டிய யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழையபடி போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றார்.

"அப்ப நாளைக்கு யாரு பேர்ல போடுவாங்க?"

லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். இருவருமே அவள் பேரைச் சொல்லவில்லை.