சுறா எண்ணெயில் ஊறிய செயின்

செயின் அறுந்த அன்றைக்கு என் புருஷன் வண்டியை அடையாற்றிலிருந்து சாந்தோம் குப்பம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். வந்ததும் உடம்பு சுடுகிறது என்று படுத்தார். விஷக் காய்ச்சல். பிறகு எழுந்திருக்கவேயில்லை. இதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். மெதுவாகச் சொன்னால் என்னால் மேலே போக முடியாது.

அவர் அடையாற்றில் ஒரு துரை பங்களாவில் கார் ஓட்டினார். துரை சீமைக்குக் கப்பலேறியபோது, சண்டைக் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க ஆள் கிடைக்காமல் இவரிடமே விட்டுப் போனார். குப்பத்தில் எல்லார் வீட்டு முன்னாலும் கட்டுமரமும் வலையும் கிடக்கும். எங்கள் வீட்டு முன்னால் இதுவும் நிற்கும். அதைக் கிளப்பினால் கோழியெல்லாம் கூரை ஏறிவிடும்.

அவர் போன பிறகு வண்டி அறுந்த செயினோடு அப்படியே நின்றது. மாமனாருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடலுக்குப் போகும்போதும் வரும்போதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் காயலாங்கடையில் பேசிவிட்டு வந்து, திங்கட்கிழமை மாட்டுவண்டி வரும், தூக்கிப் போட்டு அனுப்பிவிடுங்கள் என்றார். நான் வேண்டாம் என்றேன். வாக்கப்பட்டு வந்த நாளாக அவர் பேச்சுக்கு நான் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"ஓடாத வண்டி வாசல்ல பொணம் மாரி கீது. ஓடிச்சின்னா இர்க்கட்டும். ஓடலன்னா ஏத்தி வுட்டுடு."

எனக்கு அந்த வண்டி வேண்டும். விடியும் முன்னே, யாரும் பார்க்காத நேரத்தில், திருவான்மியூர்ப் பக்கம் ஈர மணலில் என் புருஷன் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார். அதன்மேல் உட்கார்ந்தால் நான் யார் வீட்டுப் பெண், யார் வீட்டு மருமகள் என்பதெல்லாம் காற்றில் பறந்துவிடும். அதைக் காயலாங்கடையில் போட்டு உடைக்க நான் விடுவதாயில்லை.

துணைக்கு நாத்தனார் வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. மயிலாப்பூர்ப் பக்கம் கூடையில் மீன் விற்பவள். சிரிப்பு வந்தால் கையில் எது இருந்தாலும் கீழே போட்டுவிடுவாள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தேன்.

புதுச் செயினை அவர் முன்னமே வாங்கி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, கூரையில் செருகி வைத்திருந்தார். ரொம்பச் சுலபம், பழசைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டினால் ஆயிற்று என்று நினைத்தோம். மாட்டினோம். சக்கரத்தைச் சுற்றினால் செயின் பல்லின் மேல் ஏறிக் கடக் கடக்கென்று நழுவுகிறது. குனிந்து பார்த்தால் முன்னாலிருக்கும் சின்னப் பல்சக்கரம், பின்னாலிருக்கும் பெரிய பல்சக்கரம், இரண்டிலும் ஒரு பல்கூட நேராக இல்லை. எல்லாம் தேய்ந்து, கூராகி, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அண்ணி, இது சக்கரமில்ல, சொறா வாயி," என்றாள் நாத்தனார். திருப்புளி கீழே விழுந்தது.

இரண்டையுமே மாற்ற வேண்டும். பெரிய பல்சக்கரம் கழன்றுவிட்டது. சின்னதுதான் அசையவில்லை. அதன் நடுவில் ஒரு மரை. வண்டியைத் தென்னை மரத்தோடு வலைக் கயிற்றால் கட்டினோம். ஸ்பானரை மாட்டி அதன் முனையில் நான் தொங்கினேன். அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். தென்னை ஆடியது, மரை ஆடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளேயிருந்து மாமியார் வந்தார்கள். பிள்ளை போனதிலிருந்து அவர்கள் யாரிடமும் முழுசாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சாவு வூட்ல இன்னாடி இளிப்பு?"

நாங்கள் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் தொங்கினோம். அவர்கள் போகாமல் அங்கேயே நின்றார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தாண்ட வரலன்னா இந்தாண்ட திருப்பிப் பாருங்களேண்டி, கழுதைங்களா," என்றார்கள்.

இந்தாண்ட திருப்பினோம். மரை சட்டென்று விட்டுக்கொடுத்தது. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். அவ்வளவு நேரமும் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அழுகிறார்கள் என்று பதறிப் பின்னால் ஓடினேன். அழவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய பல்சக்கரங்களை மீன் கூடையில் போட்டுக்கொண்டு நாத்தனார் டிராம் ஏறி மூர் மார்க்கெட்டுக்குப் போனாள். பழையதன் மேல் புதியதை வைத்து, பல்லுக்குப் பல் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு கடையாக அளந்து பார்த்து வாங்கினாளாம். கூடை வீச்சம் பொறுக்காமல் திரும்புகிற டிராமில் அவளைச் சுற்றி ஒரு பெஞ்சே காலியாகிவிட்டதாம், நல்லா காலை நீட்டிக்கினு வந்தேன் என்றாள். வரும்போது பெரிய சக்கரத்தைக் கையில் மாட்டி முழங்கை வரை ஏற்றியிருந்தாள். அதைக் கழற்றி என் கையில் மாட்டினாள்.

"இந்தா அண்ணி, வளையலு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என் வளையலை உடைத்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. அவள் முகம் கறுத்துவிட்டது. நான் கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். ரொம்பக் கனம். இந்த வளையலை உடைக்க இந்தக் குப்பத்தில் எவளுக்குத் தெம்பிருக்கிறது என்று கேட்டேன். அதற்கு அவள் சிரித்தாள். சிரித்து, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி சிரித்தாள். நானும்தான்.

செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற இடத்தில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. நகத்தளவுதான் இருக்கும். மாட்டும்போது அது விர்ரென்று பறந்து மணலில் விழுந்தது. நெத்திலி சலிக்கிற சல்லடையை எடுத்து வாசல் மணலையெல்லாம் சலித்தோம். கிளிஞ்சல் வந்தது, நண்டுக் கால் வந்தது, எப்போதோ தொலைந்த மாமியாருடைய மூக்குத்தித் திருகுகூட வந்தது. கடைசியில்தான் பூட்டு வந்தது.

மறுபடி மாட்டும் முன்னால் செயினைக் காய்ச்ச வேண்டும். அவர் கொழுப்பை உருக்கி அதில் செயினை ஊறவைப்பார். எங்களிடம் கொழுப்பு ஏது? கட்டுமரத்துக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெய் இருந்தது. மரத்தைக் காக்கிற எண்ணெய் இரும்பைக் காக்காதா என்று நாத்தனார் கேட்டாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. மாமியாருடைய குழம்புச் சட்டியில் எண்ணெயை ஊற்றிச் செயினைச் சுருட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டோம். மாமியார் எட்டிப் பார்த்து, புளி ஊத்திட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மாமனார் வாசலில் வந்து நின்றார். அடையாற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும், அதுதான் ஓடுவதற்கு அத்தாட்சி என்று பேச்சு. புடவையை வரிந்து செருகிக்கொண்டு ஏறினேன். அவர் பின்னால், மீன் கூடை கட்டுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாத்தனார் தள்ளினாள். வண்டி இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. செயின் நழுவவில்லை. பல்லில் பல் உட்கார்ந்து ஓடுகிற சத்தம் காலுக்கடியில் கேட்டது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

சாந்தோம் ரோடு வந்தது. பாலத்துக்கு இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும். நான் நேராகக் கச்சேரி ரோட்டுக்குள் போனேன்.

"பாலம் அந்தாண்ட கீதும்மா," என்றார் மாமனார்.

"தெரியும் மாமா. திருப்பத்தான் தெரியாது."

கடற்கரையில் திரும்புகிற வேலையே கிடையாது. ரோடு லேசாக வளைந்தால் நானும் வளைவேன், அவ்வளவுதான். மாமனார் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார்.

மயிலாப்பூர்க் குளம் வருவதற்குள் செயின் சூடேறிவிட்டது. சுறா எண்ணெய் மறுபடியும் காய ஆரம்பித்தது. முதலில் ஒரு நாய் வந்தது. அப்புறம் தெருவுக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பூனைகள் மதில்மேலேயே ஓடி வந்தன. மேலே காக்காய்க் கூட்டம். மாட வீதியில் ஒரு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"ஏன்னா, யாரோ மீனை வறுத்துண்டே போறா."

பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மாமனார் கனைக்கிறார் என்று நினைத்தேன்.

லஸ் போயிற்று. தேனாம்பேட்டை போயிற்று. நாய்கள் ஒவ்வொன்றாகச் சலித்துப்போய் நின்றன. இப்போது வண்டியை நிறுத்த வேண்டும். அதுவும் எனக்கு ஒரு விதமாகத்தான் தெரியும், ஈர மணலிலிருந்து காய்ந்த மணலுக்குள் விடுவது. நல்ல வேளை, ஏரியைத் தூர்த்த தியாகராய நகரில் எங்கே பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு அரைகுறை வீட்டு முன்னால் ஆளுயரத்துக்கு மணல் குவித்திருந்தது. மாமா, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அதில் விட்டேன்.

வண்டி பாதி புதைந்து நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமனார் மணலில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் எண்ணெய்ப் புள்ளி. மெல்ல எழுந்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். செயின் பல்லை விட்டு ஒரு கண்ணிகூட நகரவில்லை. அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். அவருடைய கட்டுமரத்து எண்ணெய் அவருக்குத் தெரியாதா?

"எத்தினி வாட்டி கூப்ட்டான், வா நைனா ஒரு தபா குந்துன்னு. போடா, நான் கடல்ல போறவன், உன் குதுர எனுக்கு வோணாம்னுட்டேன்." செயினை மறுபடியும் தடவினார். "இவ்ளோ நல்லா கீதே. ஒரு தபா குந்தியிருக்கலாம்."

அவர் பக்கத்தில் நானும் குந்தினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்ததில் நெற்றியெல்லாம் எண்ணெய் ஆயிற்று. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரும், பல் தெரிய, சத்தமாக.

"நாளைக்கு மாட்டுவண்டிக்காரன் வந்தா, நான் கடலுக்குப் பூட்டேன்னு சொல்லு. எப்ப வருவேன்னு தெரியாதுன்னு சொல்லு."

திரும்பிப் போவது எப்படி என்று நான் கேட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து, கரையில் கட்டுமரத்தைத் திருப்புகிற மாதிரி ஒரே தூக்காகத் தூக்கி, முன்சக்கரத்தைக் கிழக்கே பார்க்க வைத்தார். நான் உதைத்துக் கிளப்பினேன். அவர் ஏறி உட்கார்ந்தார்.

"நேரா வுடு," என்றார். "கடலு வந்தா தானா நிக்கும்."