அம்மாவின் கூடையில் சக்கை

கரும்புச் சக்கை விலை போகும் பொருள் என்பதை எங்கள் வீட்டில் நான்தான் கடைசியாகத் தெரிந்துகொண்டேன். இத்தனைக்கும் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, எங்கள் ஊரை ஒட்டி ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. அம்மா அங்கே ஒப்பந்தக் கூலி. பிழிந்த கரும்பின் சக்கை மலைபோல் குவிந்து கிடக்கும் களத்தைக் கூட்டிப் பெருக்குவது வேலை. சாயங்காலம் தலையில் ஒரு மூட்டைச் சக்கையோடு வருவாள். எங்கள் அடுப்பு அதில்தான் எரிந்தது. ஆலைக்கு அது இடத்தை அடைக்கும் குப்பை. யார் அள்ளிப்போனாலும் கேட்க ஆளில்லை.

நான் எட்டாவது படிக்கும்போது ஆலையில் இணை மின் உற்பத்தி தொடங்கினார்கள். சக்கையை எரித்துக் கிடைக்கும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் கொடுக்கும். சூடு மிச்சமிருக்கும் அதே நீராவி அடுத்துப் போய்க் கரும்புச் சாற்றைக் காய்ச்சும். ஆலை ஓடியது போக மீந்த மின்சாரத்தை வெளியே விற்றார்கள். அன்றோடு சக்கை குப்பையாக இருப்பது நின்றது. ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது என்று வாசலில் பலகை வைத்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பலகையில் இருந்தது தெரியும். எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் அந்த வாசல் பக்கம் நான் போனதில்லை. தலைமூட்டை நின்று, சாப்பாட்டுக் கூடையில் சோற்றுத் தூக்குக்கு அடியில் சக்கை வரத் தொடங்கியது. அவ்வளவு பெரிய மூட்டை ஏன் இப்படி இளைத்துப்போனது என்று நான் கேட்கவே இல்லை. சோறு வெந்துகொண்டிருந்தது, அது போதும்.

மறு வருடம் திண்டிவனத்தில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. ஒரே எரிபொருளில் சூடும் மின்சாரமும் என்று நானே தலைப்பு வைத்தேன். சக்கை எரியும் அடுப்பு, அதன்மேல் எங்கள் வீட்டு குக்கர், குக்கருக்குள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மூடியிலிருந்து ஒரு குழாய் வழியாகச் சீறும் ஆவி தகர விசிறியைச் சுழற்றும். விசிறியோடு இணைத்த சின்ன மோட்டார் ஒரு பட்டாணி அளவு விளக்கை ஏற்றும். விளக்கும் எரியும், மல்லாட்டையும் வேகும். வீணாய்ப் போகும் கழிவிலிருந்து இத்தனையும் என்று மூச்சு விடாமல் சொல்லுவேன். பார்க்க வந்தவர்களுக்கு வெந்த மல்லாட்டையும் கொடுத்ததால் என் மேசையைச் சுற்றி எப்போதும் கூட்டம்.

பரிசு கொடுக்க வந்தவர் எங்கள் ஆலையின் அதிகாரி. மல்லாட்டையை உரித்துக்கொண்டே, "இந்தச் சக்கை ஏது பாப்பா?" என்று கேட்டார்.

"மில்லுலேர்ந்து சார். எங்கம்மா அங்கதான் வேல செய்யுது. தெனம் கூடையில எடுத்தாரும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் ஆச்சரியப்பட வேண்டும் என்று எனக்கு ஆசை. "வீட்டுல அஞ்சாறு கோணி ரொப்பி வச்சிக்கினு இருக்கோம் சார்!"

அவர் சிரித்தார். என் டீச்சரும் சிரித்தார். கெட்டிக்காரி என்று தலையில் தட்டிவிட்டு இன்னும் நாலு மல்லாட்டை எடுத்துக்கொண்டார். முதல் பரிசு எனக்கு.

மூன்றாம் நாள் ஆலை வாசலில், வேலை விட்டு வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அம்மாவின் கூடையைக் கவிழ்த்தார்கள். "பொண்ணு கரண்ட்டு எடுக்குறாளாமே, அதுலயே பொழச்சிக்கோ போ" என்றாராம் மேஸ்திரி. கூடவே வேலை செய்த சித்தி இதை என்னிடம் சொன்னது, நான் பொறியியல் முடித்து வேலைக்குப் போன பிறகு. அதுவரை அம்மா அவள் வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

என்னிடம் அம்மா சொன்னது வேறு. இடுப்பு நோவுது, இனிமேல் மில்லுக்குப் போகவில்லை என்றாள். மறுநாளே மல்லாட்டைக் கொல்லைக்குக் களை வெட்டப் போனாள். இடுப்பு நோகிறவள் எப்படி நாளெல்லாம் குனிந்து களை வெட்டுவாள் என்று, விசிறி ஏன் சுற்றுகிறது என்று கண்காட்சியில் விளக்கத் தெரிந்த எனக்குத் தோன்றவில்லை. கோணிகளையும் அவளே எங்கோ அப்புறப்படுத்திவிட்டாள்.

அடுத்த மாதம் விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. எனக்குச் சக்கை வேண்டும் என்று நின்றேன். அம்மா கூட்டேரிப்பட்டு வரைக்கும் நடந்துபோய், கரும்பு ஜூஸ் வண்டிக்காரரிடம் கேட்டு ஒரு கூடை அள்ளி வந்தாள். கை இயந்திரத்தில் பிழிந்த சக்கை, பாதிச் சாறு அதிலேயே இருந்தது. கூரைமேல் இரண்டு நாள் காயப்போட்டாள். எறும்பு மொய்த்ததே தவிரக் காயவில்லை.

விழுப்புரத்தில் அது எரியவில்லை, புகைந்தது. எங்கள் பக்கத்து மேசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "ஏய், கொசு வெரட்ட வந்துக்கிறியா?" என்று ஒருத்தி கேட்டாள். நடுவர்கள் வந்து நின்றபோது விசிறி அசையக்கூட இல்லை. கூட வந்திருந்த அம்மா கண்ணில் நீர் வழியக் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அவர்கள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கரிபிடித்த குக்கரை அம்மா மடியில் வைத்திருந்தாள். எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

"மில்லு அவ்ளோ கிட்டக்க இருக்குது. அங்கப் போயி ஒரு கூடை கேட்டா குடுக்க மாட்டாங்களா? அந்த சாருகிட்ட எம்பேரச் சொல்லியிருந்தா போதும்."

அம்மா முந்தானையால் குக்கரின் கரியைத் துடைத்தாள்.

"உனக்கு இன்னாதாம்மா தெரியும்? எரியுற சக்க எது, எரியாத சக்க எதுன்னு கூடத் தெரியல."

"தெரியலதாண்டி," என்றாள் அம்மா. "நான் இன்னா உன்னாட்டம் படிச்சவளா?"

தன் தப்பை ஒப்புக்கொண்டாளே என்று எனக்குக் கோபம் ஆறியது. அவள் தோளில் சாய்ந்து, ஊர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.