தூசி என்றுதான் துடைத்தேன்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். இவனுக்கு வேறு வேலை இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் கற்பூரம் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டியதில்லை. நடந்த இடம் பெங்களூரு விவேக் நகரில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறை. நடந்தது போன ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை. ராத்திரிகூட இல்லை, சாயங்காலம்தான்.

என் பெயர் சிவசங்கரன். சொந்த ஊர் திருவண்ணாமலை. பழைய ஃபிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது என் தொழில். செத்துப்போனவர்களின் முகங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தாகிவிட்டது. பேய் பயமெல்லாம் எனக்குக் கிடையாது. சந்தேகப் புத்திதான் உண்டு. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

என் மனைவி ரூபினி தொம்மலூரில் பிறந்து வளர்ந்தவள். அந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று அவள் தங்கை யசோதா பரணைக் காலி செய்தாள். அதில் கிடைத்த ஒரு பிஸ்கட் டின்னை ஆட்டோவில் கொடுத்தனுப்பினாள். ரூபினி வேலைக்குப் போயிருந்தாள். திறந்து பார்த்தால் உள்ளே நெகட்டிவ்கள். அவள் வருவதற்குள் ஸ்கேன் செய்து ஆச்சரியப்படுத்தலாம் என்று உட்கார்ந்தேன்.

டின்னுக்கு அடியில் கன்னடப் பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம் கிழிந்து காலியாகக் கிடந்தது. ஃபிலிம் முழுக்க வெளிறிய பொடி, மாவு மாதிரி. இப்படியா வைத்திருப்பார்கள் என்று திட்டிக்கொண்டே பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன்.

மணி 3.20. முதல் துண்டை மெஷினில் வைத்தேன். ஆறு படங்கள். பின்னால் நந்தி மலை, மூலையில் 2002 என்று தேதி. இருபது வயது ரூபினி. ஆறிலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். அந்தச் சிரிப்பை ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. அவள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கேமராவைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்துச் சிரித்தாள். யார் அது? எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், இருபத்திரண்டு வருடத்துப் பழைய போட்டோவைப் பார்த்துத்தான் எரிந்தது.

அப்போதுதான் கவனித்தேன். எல்லாப் படத்திலும் அவள் தோளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் கலங்கலாக இருந்தது.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்கேனரில் தூசி நீக்கும் வசதி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை அது ஃபிலிமின் மேல் பாய்ச்சும். படத்தில் இருக்கும் மனிதர்கள் அந்த ஒளியில் தெரிய மாட்டார்கள். மேலே ஒட்டியிருக்கும் தூசி, முடி, கீறல் மட்டும்தான் தெரியும். அதை அழித்துவிட்டு, அக்கம்பக்கத்து நிறத்தை எடுத்து மெஷின் அந்த இடத்தை நிரப்பிவிடும். அவள் தோளுக்குப் பக்கத்தில் மெஷின் எதையோ பெரிதாக அழித்திருக்கிறது. அது என்ன என்று பார்க்க அந்த வசதியை அணைத்தேன். மறுபடி ஸ்கேன் போட்டேன்.

கர்ர்ர்... கர்ர்ர்...

மணி 4.12. படம் வந்தது.

ரூபினிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான்.

ஒல்லியான உடம்பு. கட்டம் போட்ட சட்டை. அவன் கேமராவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். இரண்டாவது படத்தில் கொஞ்சம் நெருங்கியிருந்தான். ஆறாவதில் அவன் முகவாய் அவள் தோளைத் தொட்டது.

வசதியைப் போட்டால் காணவில்லை. அணைத்தால் இருந்தான். அதாவது, அவன் படத்துக்குள் இல்லை... ஃபிலிமின் மேல் இருந்தான். பன்னிரண்டு வருட அனுபவம் இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

5.40க்கு ரூபினி வந்தாள். செருப்பைக்கூட அவிழ்க்க விடாமல் திரையைக் காட்டினேன்.

"யார் இவன்?"

அவள் கையிலிருந்து பை நழுவியது.

"இது எங்கேந்து வந்துச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கிரண். எங்க பக்கத்து வீடு."

"உன் பக்கத்துல நின்னு என்ன பண்றான்?"

"நிக்கலங்க." அவள் திரையிலிருந்து பின்வாங்கினாள். "அவன் எந்த போட்டோலயும் கெடையாது. இதெல்லாம் எடுத்ததே அவன்தான்."

எனக்கு அந்த 'அவன்' தான் காதில் குத்தியது. கட்டின புருஷனான என்னை இத்தனை வருடமாக 'நீங்க' என்பவள் அவள்.

"இப்ப எங்க இருக்கான்?"

"செத்துட்டான். ரெண்டாயிரத்து மூணு, ஜனவரி. ஓசூர் ரோட்ல பைக் ஆக்சிடென்ட்." டின்னை எட்டிப் பார்த்தாள். "இதுல வேற எதுவும் இல்லையா?"

"வெறும் குப்பை. தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் முகம் செத்துவிட்டது. பதற்றம் வந்தால் அவள் பேச்சில் கன்னடம் கலக்கும். "அந்த ஃபிலிம தொடாதீங்க. பேடா, வேண்டாம், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் மூடவே இல்லை.

எனக்காக அவள் இப்படி ஒரு தடவை அழுதிருப்பாளா? உயிரோடு இருக்கிறவனோடு சண்டை போடலாம். செத்தவனை என்ன செய்வது? துடைத்துவிடலாம் என்று தோன்றியது.

6.15. பின்னறைக் கதவைச் சாத்தினேன். ரப்பர் பம்பால் காற்று அடித்தேன். புஸ்... புஸ்...

ஸ்கேன் போட்டேன். இருந்தான்.

பிரஷ்ஷால் தட்டினேன். ஸ்கேன் போட்டேன்.

இருந்தான். இப்போது அவளைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தான்.

6.38. எங்கள் தொழிலில் செய்யவே கூடாத ஒன்றைச் செய்தேன். ஃபிலிமை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதி, துணியால் அழுத்தித் தேய்த்தேன். பொடி கிளம்பி மூக்கில் ஏறியது. இருமினேன். நாக்கில் கரித்தது. முழுங்கிவிட்டேன்.

கர்ர்ர்... கர்ர்ர்...

மணி 6.47.

அவன் இல்லை.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகுதான் ரூபினியைப் பார்த்தேன்.

ஆறு படத்திலும்... அவள் சிரிப்பைக் காணவில்லை. வாய் மூடியிருந்தது.

எழுந்து சமையலறைக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"டீச்சர், ஒரு காபி கெடைக்குமா?"

ரூபினி ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள். ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ணங்... கரண்டி விழுந்தது.

திரும்பினாள்.

சிரித்தாள். அதே நந்தி மலைச் சிரிப்பு.

திங்கட்கிழமை காலை 11.20க்கு யசோதா போன் செய்தாள்.

"மாமா, அந்த டின்ல ஒரு பொட்டலம் இருந்துச்சே. அக்கா எடுத்துக்கிச்சா?"

"கிழிஞ்சு கெடந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன். என்ன அது?"

யசோதா குரலைத் தாழ்த்தினாள்.

"கிரணோட சாம்பல், மாமா. ஸ்ரீரங்கப்பட்டணத்துல கரைக்க எடுத்துட்டுப் போறப்ப, அக்கா கிரணோட அண்ணன்கிட்ட அழுது ஒரு கைப்பிடி வாங்கி வெச்சுக்கிச்சு. வீட்டுக்குள்ள வெக்கக் கூடாதுன்னு எவ்ளோ சொன்னேன். கேக்கல."

அன்று நாக்கில் கரித்தது நினைவுக்கு வந்தது. மெதுவாகக் கேட்டேன்.

"டீச்சர்னா யாரு?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? கிரண் கன்னட மீடியம். தமிழ் பேசுவான், படிக்க வராது. அக்காதான் எழுத்து கத்துக் குடுத்துச்சு. அவன் மட்டும்தான் டீச்சர்னு கூப்பிடுவான். 'ம' வரைக்கும் வந்தான். அதுக்குள்ள போய்ட்டான்."

இரண்டு மாதம் ஆகிறது. ரூபினி தினமும் சிரிக்கிறாள். என் வீட்டில், என் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். ஆனால் அது எனக்கான சிரிப்பு இல்லை. இப்போதும் வயிறு எரிகிறது. யாரோடு சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

இதை நான் டைப் செய்யவில்லை. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. பஸ்ஸில் இருக்கும் கன்னட போர்டை இப்போது மளமளவென்று படிக்கிறேன். நான் கன்னட எழுத்தைக் கற்றதே இல்லை. தமிழ்தான்... திருவண்ணாமலையில் பன்னிரண்டு வருடம் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். இப்போது 'ம' வரைக்கும் தெரிகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் கோடுகள்.

இதை ரூபினியிடம் நான் சொல்லவே இல்லை.

நேற்று சாயங்காலம் 6.47க்கு, ஒரு நோட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவள் 'அ'விலிருந்து ஆரம்பிக்கவில்லை.

'ய' என்று எழுத வைத்தாள்.