பகல் தூக்கத்துக்குப் புல் வெட்டியது

கல்யாணமாகி நான் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது என் கணவருக்குக் கார் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். விடிந்த பிறகுதான் கம்பெனி பஸ் அவரை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். நாங்கள் குடியிருந்தது புதிதாக மனை பிரித்த இடத்தில் ஒரு தனி வீடு. வீட்டின் சொந்தக்காரர் மகளோடு இருக்க வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார். வாசல் முன்னால் ஆசையாகப் புல்தரை வளர்த்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது, "சுவத்துல ஆணி வேணும்னா அடிச்சுக்கோங்கம்மா. புல்ல மட்டும் காயவிட்டுறாதீங்க" என்றார். கையால் தள்ளுகிற புல்வெட்டும் மிஷின் ஒன்றையும் விட்டுப் போனார். மோட்டார் கிடையாது. தள்ளினால் சக்கரத்தோடு கத்திகள் உருளும், அவ்வளவுதான்.

நான் விருதுநகர் பக்கம். எங்கள் கரிசலில் புல் என்றால் ஆடு மேய்வது. அதை வெட்டி அழகு பார்த்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. ஒட்ட வெட்டிவிட்டால் அடிக்கடி வெட்ட வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் தெரிய வெட்டித் தள்ளினோம். ஒரே வாரத்தில் தரை வைக்கோல் நிறமாகிவிட்டது. நடுவில் கோரை முளைத்தது.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மொட்ட போட்டா மாதிரி கீது?"

"காஞ்சு போச்சுக்கா."

"தோ பாரு, அந்தக் கொயா ஓரமா மட்டும் பச்சையா கீது."

உண்மைதான். குழாயடியில் கல் மேடாக இருந்ததால் மிஷின் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அங்கே புல் விரல் நீளத்துக்கு நின்றது, வாடவே இல்லை. என் கணவரிடம் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு புல்லைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தார். தொழிற்சாலையில் தகடுகளின் விளிம்பைத் தடவிப் பார்ப்பது அவர் வேலை. "நுனியெல்லாம் பிஞ்சு வெள்ளையா நிக்குது பாரு. கத்தி வெட்டல, கடிச்சு இழுத்துருக்கு."

அன்று மாலையே கத்திகளைச் சாணை பிடித்து, ஒரு செய்தித்தாள் துண்டை நடுவில் கொடுத்து உருட்டினார். தாள் சத்தமில்லாமல் இரண்டானது. பின் உருளையை இறக்கி, கத்தி உயரமாக நிற்கும்படி வைத்தார். அதன்பிறகு நான் புல்லின் தலையை மட்டும்தான் எடுத்தேன். மழை பெய்தால் காயும்வரை காத்திருந்தேன். உதிர்ந்த துணுக்குகளை அங்கேயே விட்டேன். அவை மண்ணுக்குள் மறைந்துபோயின. மெல்ல மெல்லப் பச்சை திரும்பியது.

அவருக்குத்தான் தூக்கம் திரும்பவில்லை. ஊரில் இருட்டியதும் படுத்து வளர்ந்தவர். இங்கே வெயில் நேரத்தில், கல் லாரிகள் போகிற சத்தத்தில், புரண்டுகொண்டே கிடப்பார். ஜன்னலில் என் பச்சைப் புடவையைத் தொங்கவிட்டிருந்தேன். அறை குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கும். அந்தப் பச்சையில் அவர் கண்கள் திறந்தே இருக்கும். தகடுகளை மிஷினுக்குள் கை விட்டு எடுப்பதும் அவர்தான்; ராத்திரி கண் அசந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம்.

ஒரு நாள் காலை அவர் படுத்த பிறகு, வேப்பமர நிழல் புல்மேல் இருக்கும்போதே வெட்டிவிடலாம் என்று மிஷினைத் தள்ளினேன். சாணை பிடித்த கத்தி, ஈரமில்லாத புல். ஸ்ஸ்ஸ் என்று போகும்; ஓரத்தில் நிற்கும்; திரும்பி ஸ்ஸ்ஸ் என்று வரும். முடித்து உள்ளே போனால் வாய் லேசாகத் திறந்து தூங்குகிறார். சாயங்காலம்தான் எழுந்தார்.

காப்பியை வாங்கிக்கொண்டே சொன்னார்: "கனவுல ரயில் வந்துச்சு. இந்த ஊர்லதான் ரயிலே கிடையாதே. நம்ம வாசல்ல ஸ்டேஷன். வருது, நிக்குது, யாரும் இறங்கல, போகுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அந்த ரயில் என் மிஷின்தான் என்று எனக்குப் புரிந்தது. மறுநாளும் வெட்டினேன். தூங்கினார். அதற்கடுத்த நாள் புல்லைப் பார்த்தேன். வெட்ட ஒன்றுமே இல்லை. தினமும் தலையைச் சீவினால் எந்தப் புல் தாங்கும்? கத்தியை உயர்த்தி வெறும் மிஷினை உருட்டிப் பார்த்தேன். கடகடவென்று வேறு சத்தம். அவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன செய்ற வெயில்ல?"

"சும்மா. எண்ணெய் போட்டேன்."

அப்புறம்தான் யோசனை வந்தது. புல்தரையைப் பட்டை பட்டையாக மனதுக்குள் பிரித்துக்கொண்டேன். இன்று சுவரோரம், நாளை அதற்கடுத்தது. ஒரு பட்டைக்கு மறுபடி முறை வருவதற்குள் அது வளர்ந்து தேறியிருக்கும். ஒரு பட்டையிலேயே மெதுவாகப் போய் மெதுவாக வந்தால் அவர் தூங்கிப்போகும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஜன்னல் புடவைக்குப் பின்னால் அவர் மூச்சு நீளமாவது எனக்குக் கேட்பதுபோல் இருக்கும். சில நாள் நானே நடந்துகொண்டே தூங்குகிறேனோ என்று தோன்றும். வெட்டிய புல்லின் வாசனை, ஓரத்தில் கொஞ்சம் நிற்பது, பின்னாலேயே வரும் மைனா. எங்கேயோ ஹைவேயில் போகும் லாரிகூட அப்போது தண்ணீரில் போவதுபோல் கேட்கும்.

அடுத்த வருஷம் வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்தார். புல் படிப்படியாக ஏறி இறங்கி நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார்.

"ஏம்மா இப்பிடிப் பாகம் பாகமா வெட்டிருக்கீங்க?"

"மொத்தமா வெட்டினா புல்லு சீக்கிரம் களைச்சுப் போயிருது சார்" என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் வெயில் ஏறியதும் புல் வளர்வதை நிறுத்திவிட்டது. நீளமாகவே விட்டுவைத்தால்தான் வேருக்கு நிழல் என்று எனக்குப் புரிந்திருந்தது. மிஷினைத் தொடவில்லை. அன்று அவர் படுத்ததும் பயத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை புரண்டார். பிறகு வாய் லேசாகத் திறந்தது. எந்தச் சத்தமும் இல்லாமல் தூங்கிவிட்டார்.

எனக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனது. சந்தோஷமாகவும் இருந்தது, கை வெறுமையாகவும் இருந்தது. வெளியே போய்ப் பைப்பைத் திறந்து, புல்லுக்கு வேர்வரை இறங்கட்டும் என்று நிதானமாகத் தண்ணீர் விட்டேன்.